தலைக்கு மேல் போகிறது, கேட்கத்தான் ஆளில்லை

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்டோசாட்-1 உடன் 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட்டும் போனது. ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுபவர்கள், இலவசமாகப் பயன்படுத்த இஸ்ரோ அனுப்பிய சாட்டிலைட் அது. அதிலிருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்று நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது.

ஐரோப்பாவில் அதற்கு நல்ல கூட்டம். இங்கே? மொட்டை மாடியில் ரிசீவருடன் பல மாலைகள் நின்றிருக்கிறேன். தலைக்கு மேல் கடந்து போக சுமார் பத்து நிமிடம். பெரும்பாலும் வெறும் இரைச்சல்தான். 2014 ஜூலையில் பேட்டரி பழுதாகி அது ஓய்ந்த பிறகுதான், "அடடா, ஒரு முறைகூட முயற்சி செய்யவில்லையே" என்று நண்பர்கள் வருத்தப்பட்டார்கள்.

பெரிய டிஷ் வேண்டும், செலவு அதிகம் என்ற பயம்தான் காரணம் என்பேன். வீண் பயம்! பேசுவதற்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும், சரி. அதற்கு முன் கேட்டுப் பழகலாமே? பாதி வேலையை உங்கள் கம்ப்யூட்டரே செய்துவிடும். எந்த சாட்டிலைட் எத்தனை மணிக்கு உங்கள் ஊருக்கு மேல் வரும் என்பதை ஆர்பிட்ரான் என்ற இலவச புரோகிராம் காட்டும். யு.எஸ்.பி.யில் செருகும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். ரிசீவரும், கையில் பிடிக்கும் சின்ன ஆண்டெனாவும் போதும்.

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளுடன் பேசும் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். தினமும் வராது, அட்டவணை பார்த்துக் காத்திருங்கள்.