மெஸ்ஸி குழுவின் உரிமையாளருக்கும் எரிவாயுக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? குடும்பத் தொழில் மூன்றாம் தலைமுறையைத் தாண்டுமா?

மெஸ்ஸி எந்தக் குழுவுக்கு விளையாடுகிறார்? கேட்டவுடன் சொல்லிவிடுவீர்கள்: இண்டர் மயாமி. அந்தக் குழு யாருடையது? "டேவிட் பெக்கம்" என்பீர்கள். சரிதான். ஆனால் அவரோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஹோர்ஹே மாஸ், ஹோசே மாஸ் என்ற அண்ணன் தம்பி.

காற்பந்துக் குழு வாங்கும் அளவுக்கு அவங்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது? அப்பா வளர்த்த கட்டுமானத் தொழில். தொலைபேசிக் கம்பி பதிப்பது, மின்கம்பி இழுப்பது, அப்புறம் எரிவாயுக் குழாய் பதிப்பது.

அமெரிக்காவில் எரிவாயுக் குழாய் பதிக்கும் தொழிலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். அங்கே பல நிறுவனங்கள் ஒரே குடும்பத்தின் கையில் தொடங்கியவை. தாத்தா தொடங்கினார், அப்பா வளர்த்தார், இப்போது பேரப்பிள்ளைகள் காலம். உங்கள் வீட்டிலும் அப்பாவோ மாமாவோ ஒரு கடையோ சிறு நிறுவனமோ நடத்தினால், "அடுத்து யார்?" என்ற கேள்வி சாப்பாட்டு மேசையில் ஒரு தடவையாவது வந்திருக்கும். அதே கேள்விக்கு மூன்று குடும்பங்கள் சொன்ன மூன்று பதில்களை இன்று பார்ப்போம்.

முதலில், இது என்ன தொழில்?

எரிவாயுக் குழாயின் உரிமையாளர் ஒருவர், அதைப் பதிப்பவர் வேறொருவர். உரிமையாளர் எரிவாயு விற்கும் அல்லது கொண்டுசெல்லும் பெரிய நிறுவனம். பதிப்பவர் குத்தகையாளர். நாம் பேசப்போவது இந்தக் குத்தகையாளர்களைப் பற்றி.

அமெரிக்காவின் எரிவாயுக் குழாய் கட்டமைப்பின் மொத்த நீளம் சுமார் 3 மில்லியன் மைல். அதாவது ஏறக்குறைய 4.8 மில்லியன் கிலோமீட்டர். இவ்வளவையும் யாரோ தோண்டி, யாரோ ஒட்டி, யாரோ மூடியிருக்கிறார்கள்.

வேலை நடக்கும் வரிசை இப்படி:

- பாதையைச் சுத்தம் செய்து, குழாய்களை வரிசையாகக் கொண்டுவந்து போடுவார்கள்.
- நில அமைப்புக்கு ஏற்பக் குழாயை வளைப்பார்கள்.
- ஒன்றோடொன்று வெல்டிங் செய்வார்கள். ஒட்டு சரியாக இருக்கிறதா என்று எக்ஸ்-ரே போன்ற சோதனைகளால் பார்ப்பார்கள்.
- துருப்பிடிக்காமல் இருக்க மேற்பூச்சு பூசி, பள்ளத்தில் இறக்கி, மண்ணால் மூடுவார்கள்.
- கடைசியாக உள்ளே தண்ணீரை நிரப்பி, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள்.

நடுவில் ஆறு வந்தால்? அதற்கும் வழி உண்டு. 1971ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ஓர் ஆற்றுக்கு அடியில், ஆற்றைத் தொடாமலேயே, கிடையாகத் துளையிட்டு எரிவாயுக் குழாயை இழுத்துக் காட்டினார் மார்ட்டின் செரிங்டன் என்ற குத்தகையாளர். இன்று உலகம் முழுக்க ஆறுகளையும் விரைவுச்சாலைகளையும் குழாய்கள் கடப்பது பெரும்பாலும் அந்த முறையில்தான்.

ஏன் குடும்பங்கள்?

மூன்று காரணங்கள்.

முதலாவது, பணம். குழாயைத் தூக்கும் இயந்திரங்கள், துளையிடும் இயந்திரங்கள் எல்லாம் விலை அதிகம். ஆனால் வேலையோ அலை மாதிரி வரும், போகும். ஓராண்டு மூச்சுவிட நேரமிருக்காது, அடுத்த ஆண்டு இயந்திரங்கள் சும்மா நிற்கும். காலாண்டுக்கு ஒருமுறை லாபம் கேட்கும் பங்குதாரர்களுக்கு அது சிரமம். குடும்பம் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, உத்தரவாதம். வேலையைப் பாதியில் விட்டால் நட்டத்தை ஈடுசெய்வோம் என்று குத்தகையாளருக்காக ஒரு நிறுவனம் பிணை நிற்க வேண்டும். தனியார் நிறுவனம் என்றால், பிணை கொடுப்பவர் உரிமையாளரின் சொந்தக் கையெழுத்தையும் கேட்பது வழக்கம். பல நேரம் கணவன், மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வேலை கெட்டால் வீடும் போகலாம். "நம்ம பேர்" என்பது இங்கே வெறும் பேச்சு இல்லை.

மூன்றாவது, கைப்பழக்கம். குழாய் வெல்டிங் புத்தகத்தில் படித்து வருவதில்லை. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் உள்ள 798ஆம் எண் தொழிற்சங்கம் இந்தத் தொழிலாளர்களுக்கானது. வெல்டிங் இயந்திரத்தைச் சொந்த லாரியில் ஏற்றிக்கொண்டு, வேலை இருக்கும் மாநிலத்துக்கெல்லாம் ஓட்டிச்செல்பவர்கள் இவர்கள். முதலாளி வீட்டில் மட்டுமல்ல, தொழிலாளி வீட்டிலும் அப்பாவிடம் மகன் கற்றுக்கொள்ளும் தொழில் இது.

பதில் 1: முழுவதையும் கையில் வைத்துக்கொள்வது

விஸ்கான்சின் மாநிலத்தில் பிரவுன்ஸ்வில் ஒரு சிற்றூர். அங்கே 1959ஆம் ஆண்டு டேல் மைக்கல்ஸ் என்பவர் எரிவாயுக் குழாய் பதிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1998இல் அவர் காலமான பிறகு மகன் பேட் தலைமை ஏற்றார். சகோதரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனமாக அது வளர்ந்திருக்கிறது. ஆனாலும் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது, தலைமையகமும் அதே ஊரில்தான்.

எரிவாயுவை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை என்பதே அவர்கள் தாக்குப்பிடித்ததன் காரணம். ஆற்றடித் துளையிடல், மின்கம்பி, கண்ணாடி இழைக் கம்பிவடம், சாலை, காற்றாலை என்று கிளை விரித்தார்கள்.

ஆனால் குடும்பப் பெயரே நிறுவனப் பெயராக இருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. சகோதரர்களில் ஒருவரான டிம் மைக்கல்ஸ் 2022இல் குடியரசுக் கட்சி சார்பில் விஸ்கான்சின் ஆளுநர் தேர்தலில் நின்றார். மாநில அரசாங்கத்தின் சாலைப் பணிகளைச் செய்யும் நிறுவனத்தின் பங்காளி, அதே அரசாங்கத்துக்குத் தலைவரானால் எப்படி? கேள்வி எழுந்தது. வென்றால் தன் பங்கிலிருந்து விலகிக்கொள்வதாக அவர் சொன்னார். டோனி எவர்ஸிடம் தோற்றதால் அதற்குத் தேவை வரவில்லை.

பதில் 2: பங்குச் சந்தைக்குப் போவது, ஆனால் ஓட்டுநர் இருக்கையை விடாமல் இருப்பது

இதுதான் மாஸ் குடும்பத்தின் வழி. கியூபாவிலிருந்து 1960இல் மயாமிக்கு வந்த அகதி ஹோர்ஹே மாஸ் கனோசா. தொலைபேசிக் கம்பி பதிக்கும் சிறு நிறுவனம் ஒன்றைக் கையில் எடுத்து வளர்த்தார். 1994இல் அதைவிடப் பழைய, பங்குச் சந்தையில் இருந்த இன்னொரு நிறுவனத்தோடு இணைத்தார். மாஸ்டெக் பிறந்தது. 1997இல் அவர் காலமானார். இன்று மூத்த மகன் தலைவர், இளையவர் தலைமை நிர்வாகி. 2009இல் அவர்கள் ஒரு குழாய் நிறுவனத்தை வாங்கி அந்தத் தொழிலில் காலை ஆழமாக ஊன்றினார்கள்.

பதில் 3: விற்றுவிடுவது

ஹென்கல்ஸ் அண்ட் மெக்காய் 1923இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய குடும்ப நிறுவனம். எரிவாயு, மின்சாரம், தொலைத்தொடர்பு எல்லாவற்றிலும் வேலை செய்தது. நூறு ஆண்டை நிறைவுசெய்வதற்கு முன்பே, 2021ஆம் ஆண்டு கடைசியில் கைமாறியது. விலை சுமார் 600 மில்லியன் அமெரிக்க டாலர். வாங்கியது யார் தெரியுமா? அதே மாஸ்டெக்.

விற்பது தோல்வியா? அப்படிச் சொல்லிவிட முடியாது. தலைமுறை பெருகப் பெருகப் பங்காளிகளும் பெருகுகிறார்கள். எல்லாருக்கும் தொழிலில் ஆர்வம் இருக்காது, ஆனால் எல்லாருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் மரபுரிமை வரியும் இருக்கிறது, உச்ச விகிதம் 40 விழுக்காடு. பெரிய சொத்து இயந்திரங்களாகவே இருந்தால், வரி கட்ட ரொக்கத்துக்கு எங்கே போவது? (சிங்கப்பூர் அந்த வரியை 2008இல் நீக்கியது, மலேசியா 1991இல்.)

செல்வம் மூன்று தலைமுறை தாண்டாது என்று நம் சீன நண்பர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஊதாரிப் பேரன் மட்டும்தான் அதற்குக் காரணம் என்று நினைக்க வேண்டாம். கணக்கே சில நேரம் அப்படித்தான் வருகிறது.

மண்ணுக்குள் இருப்பதை யார் நினைவில் வைத்திருப்பது?

இந்தத் தொழிலின் பெரிய சிக்கல் இதுதான். குழாயின் ஆயுள், அதைப் பதித்தவரின் பணிக்காலத்தைவிட நீளம்.

2010 செப்டம்பர் 9. கலிஃபோர்னியாவின் சான் புரூனோ நகரில் எரிவாயுக் குழாய் வெடித்தது. 8 பேர் மாண்டார்கள், 38 வீடுகள் அழிந்தன. எரிவாயுவை நிறுத்தவே 95 நிமிடம் ஆனது. வெடித்த பகுதி 1956இல் பதிக்கப்பட்டது. 54 ஆண்டுகள்! உரிமையாளரான பிஜி அண்ட் ஈ நிறுவனத்தின் பதிவேட்டில், அது ஒட்டே இல்லாத குழாய் என்று எழுதியிருந்தது. தோண்டிப் பார்த்தால் உள்ளே இருந்தது மோசமாக ஒட்டப்பட்ட துண்டுகள். அவை எங்கே செய்யப்பட்டன என்பதைக்கூட விசாரணையாளர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2016இல் அந்த நிறுவனத்தைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏதோ தூரத்து ஊர்க் கதை என்று நினைக்கிறீர்களா? 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. சிலாங்கூரின் புத்ரா ஹைட்ஸில் எழுந்த தீப்பிழம்பை உங்கள் கைப்பேசியிலும் பார்த்திருப்பீர்கள். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் பாதிக்கப்பட்டன. நாசவேலைக்கு ஆதாரம் இல்லை என்றது விசாரணை. குழாயைத் தாங்கிய மண் நிலைகுலைந்து, குழாய் மீண்டும் மீண்டும் அசைவுக்கு உள்ளாகி, ஒட்டு இருந்த இடத்தில் உலோகம் சோர்ந்து உடைந்தது என்பது முடிவு.

இரண்டு சம்பவங்களும் ஒன்றல்ல. ஒன்றில் பழைய ஒட்டு மோசம், பதிவேடும் தவறு. இன்னொன்றில் தாங்கிய மண் மாறிவிட்டது. ஆனால் பாடம் ஒன்றுதான். "எங்க தாத்தா போட்ட குழாய், ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை மட்டும் போதாது. எது எங்கே இருக்கிறது, எப்போது சோதித்தார்கள், மேலே மண் எப்படி மாறியது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் தொடர்ந்து பார்க்கவும் வேண்டும்.

தொழிலுக்கே எதிர்காலம் இருக்கா?

பேரப்பிள்ளைகள் தயங்க இன்னொரு காரணமும் உண்டு. கிழக்கு அமெரிக்காவில் சுமார் 600 மைலுக்குத் திட்டமிட்ட அட்லாண்டிக் கோஸ்ட் எரிவாயுக் குழாய் 2020 ஜூலையில் கைவிடப்பட்டது. கீஸ்டோன் எக்ஸ்எல் எண்ணெய்க் குழாய்க்கு 2020 அக்டோபரில் ஆறு குத்தகை நிறுவனங்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன, மைக்கல்ஸ் அதில் ஒன்று. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரி 20 அன்று, அதிபர் பைடன் பதவியேற்ற முதல் நாளிலேயே அனுமதியை ரத்துசெய்தார்.

அதேசமயம் தொழில் செத்துவிடவும் இல்லை. 303 மைல் நீள மவுண்டன் வேலி எரிவாயுக் குழாய், வழக்குகளால் பல ஆண்டு இழுபட்டு, செலவு இருமடங்குக்கும் மேல் ஏறி, 2024 ஜூனில் செயல்படத் தொடங்கியது. 2023இல் உலகிலேயே அதிகமாகத் திரவ இயற்கை எரிவாயு ஏற்றுமதி செய்த நாடு அமெரிக்கா. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்களுக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் எரிவாயுவின் தேவை மறுபடியும் பேசப்படுகிறது.

ஆக, 25 வயதுப் பேரனோ பேத்தியோ இன்று பொறுப்பேற்றால், 40 ஆண்டுக்கு ஒரு முடிவெடுக்க வேண்டும். ஆனால் நாட்டின் கொள்கை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது.

சரி, இதில் நமக்கு என்ன?

நீங்கள் இதைப் படிப்பது சிங்கப்பூரில் என்றால், கைப்பேசிக்கு ஏறிய மின்சாரம் அநேகமாக எரிவாயுவிலிருந்து வந்தது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு அப்படித்தான் உற்பத்தியாகிறது. 1992இல் மலேசியாவிலிருந்து குழாய்வழி எரிவாயு வரத் தொடங்கியது. பிறகு இந்தோனேசியாவிலிருந்து கடலடிக் குழாய்கள் வந்தன. 2013இல் ஜூரோங் தீவில் திரவ எரிவாயு முனையம் செயல்படத் தொடங்கியது. 2050க்குள் நிகர கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்குவது இலக்கு என்பதால், புதிய எரிவாயு மின்நிலையங்கள் குறைந்தது 30 விழுக்காடு ஹைட்ரஜனை எரிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, மாற்றம் வரும்வரை இருக்கும் குழாய்களை யாராவது பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வேலைக்கு ஆள் தேவை. அது உங்கள் வயதுக்காரர்களாகவும் இருக்கலாம்.

உங்கள் வீட்டிலேயே தொழில் இருந்தால், இந்த மூன்று குடும்பங்களின் கதையிலிருந்து அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்க மூன்று கேள்விகள்:

- நம் தொழில் ஒரே வேலையை நம்பி இருக்கிறதா? அது நின்றால் அடுத்து என்ன?
- யார் பெயரில், எதை அடகு வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்?
- உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்கின்றனவா?

மூன்றாவது கேள்வியை முதலில் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பின்னால்கூடப் பதில் தேடிக்கொள்ளலாம். அப்பாவின் தலைக்குள் மட்டும் இருப்பதை அவரிடம் கேட்டால்தான் உண்டு.