மாடியில் ஒரு விறாந்தை

வீட்டுக்கு அழகு தருவது யாது என்று பத்தாம் வகுப்பு மாணவரை ஒரு பக்கம் எழுதுமாறு பணித்தேன். வண்ணப்பூச்சு என்றான் ஒருவன். தொலைக்காட்சிப் பெட்டி என்றான் மற்றொருவன். பூந்தோட்டம் என்றோர் பலர். விறாந்தை என்று ஒருவனேனும் எழுதினானில்லை. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. எங்கள் வீட்டு விறாந்தையின் அருமையை, என் தாயார் அதனை இழந்த பின்னர்தான் நானும் உணர்ந்தேன்.

தந்தையார் காலமானதன் பின், வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றின் இரண்டாம் மாடியில் வசிக்கும் அக்கா, அம்மாவைத் தம்மோடு அழைத்துச் சென்றார். வீடு சிறிதெனினும் வசதியானது, அன்புக்கும் குறைவில்லை. ஆயினும், ஊரிலே காலை முதல் அந்தி வரை விறாந்தையில் வீற்றிருந்து, படலையைக் கடந்து போவோர் வருவோர் அனைவரையும் சுகம் விசாரித்து வந்த அம்மா, அங்கே அறையை விட்டு வெளிவருவதே அரிதாயிற்று. உணவு குறைந்தது, பேச்சு அதனினும் குறைந்தது. உடம்பில் நோய் ஒன்றுமில்லை என்றார் வைத்தியர்.

சித்திரை விடுமுறையில் அங்கு சென்றபோதுதான் அவ்வீட்டின் பல்கனி என் கண்ணிற்பட்டது. நீளம் 10 அடி. அகலம் 4 அடி. வெறுமையான எரிவாயுச் சிலிண்டர், உடைந்த வாளி, பழைய செய்தித்தாட்கள் ஆகியன அதில் குடியிருந்தன. இதனை அம்மாவுக்கு விறாந்தையாக்கிக் கொடுத்தால் என்ன என்று எண்ணினேன்.

எண்ணம் நல்லது, செய்த முறைதான் பிழை. இருப்பவர் யார் என்று சிந்தியாமல் நேரே கடைக்குப் போனேன். வெள்ளை வர்ணம் பூசிய இரும்பு மேசையொன்றும் கதிரைகள் இரண்டும் வாங்கி, ஒழுங்கையின் முடிவிலே தெரியும் கடலை நோக்கி அழகாக வைத்தேன். அம்மா கால் மணி நேரம் இருந்துவிட்டு எழுந்தார்.

"கடலை எவ்வளவு நேரந்தான் பாக்கிறது, தம்பி? அது என்னோடை கதைக்குமே?"

ஆவணி விடுமுறைக்குப் போனபோது மேசையின் கால்கள் துருவேறிக் கிடந்தன. ஊரிலே சோளகக் காற்றை வெப்பந் தணிக்கும் விருந்தாளியாகவே அறிவோம். அதே தென்மேற்குக் காற்று, மே முதல் செப்ரெம்பர் வரை கொழும்பில் மழையையும் கடலுப்பையும் சுமந்துகொண்டு வீசுகின்றது. கடலருகில் வாழ்வோர் இரும்பை நம்பலாகாது. தேக்கும் பிரம்பும் நெடுங்காலம் உழைக்கும். எனினும் பிரம்பைச் சாரலில் நனைய விடலாகாது.

இம்முறை கடைக்குப் போகவில்லை. ஊர்வீட்டில் ஒதுக்கிக் கிடந்த தந்தையாரின் சாய்மனைக் கதிரையைப் புதுப் பிரம்பு பின்னுவித்து லொறியில் அனுப்பியிருந்தேன். 4 அடி அகலத்தில் அதனைக் குறுக்கே போட்டால் நடக்க வழியிராது. ஆதலால் சுவரோரம் நீளவாக்கில் கடலை நோக்கியே வைத்தேன். மறுநாட் காலையில் அம்மா அதனை மறுபுறம் திருப்பி வைத்திருந்தார். கடல் முதுகுப்புறமாயிற்று, காலி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் நுழைவோர் எல்லோரும் கண்முன் வந்தனர். பின்னேரத்து மேல்வெயிலும் கண்ணிற் படவில்லை. பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாத திசை, அவருக்குத் தோன்றியது.

மேற்குப் பக்கத்தில் சுருட்டக்கூடிய மூங்கில் தட்டியொன்றைத் தொங்கவிட்டோம். வெயிலையும் சாரலையும் அது தடுக்கின்றது. விருந்தினர்க்கு ஒரு சிறு வாங்கு போட்டோம். இரண்டாவது இருக்கையில்லாத இடத்தில் பேச்சுக்கு இடமில்லை என்பதை நேயர்கள் மறவாதிருப்பார்களாக. சிறுவர் உள்ள வீட்டில் அவ்வாங்கு கைப்பிடிக் கம்பியை அடுத்திருத்தல் ஆகாது, ஏறுவதற்குப் படியாகிவிடும்.

செடிகளில் ஆசை அளவோடிருத்தல் வேண்டும். ஒரு லீற்றர் நீரின் நிறை 1 கிலோகிராம். நனைந்த தோட்டமண் அதனினும் கனமானது. 40 லீற்றர் கொள்ளும் சாடியொன்று 60 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். ஆகவே சிறு சட்டிகளே மாடிக்கு ஏற்றன. உப்புக் காற்றைத் தாங்கும் கற்றாழையையும் நித்தியகல்யாணியையும் வெளியோரத்திலும், துளசியைச் சுவரின் மறைவிலும் வைத்தோம். சட்டியின் கீழ்த் தட்டிலே தேங்கும் நீரைக் கிழமைக்கு ஒருமுறையேனும் கொட்டிக் கழுவுதல் கட்டாயம். நுளம்பின் முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே போதும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 180,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர் என்பதை எண்ணினால், இது சிறிய வேலையன்று.

இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) உள்ளும் புறமும் கலக்கும் வீடுகளை அமைத்து உலகப் புகழ் எய்தினார். அத்தகைய வீடு கட்ட நம்மிற் பலருக்கு வசதியில்லை. ஆனால் உள்ளுமல்லாத புறமுமல்லாத 40 சதுர அடியைப் பழஞ்சாமான்களிடமிருந்து மீட்க யாருக்கும் வசதியுண்டு. அங்கே முதலில் வைக்க வேண்டியது பொருளன்று, ஆள். அந்த ஆள் எதனைப் பார்க்க விரும்புகிறார் என்று கேட்ட பின்னரே கதிரையைத் தூக்குங்கள்.

காலையில் இசையெழுப்பி வரும் பாண்கார முச்சக்கரவண்டியும், மரக்கறிக்காரரும் இப்பொழுது அம்மாவுக்கு அறிமுகமானவர்கள். அடுத்த வீட்டுச் சிங்கள மூதாட்டியார் தினமும் பின்னேரம் வந்து வாங்கில் அமர்கின்றார். இவருக்குச் சிங்களம் பத்துச் சொல்; அவருக்குத் தமிழ் பத்துச் சொல். அதற்குள் மூட்டுவலி முதல் மருமக்கள் வரை பேசி முடிக்கின்றனர்.

முன்பெல்லாம் நான் தொலைபேசியில் அழைத்தால், வைக்க மனமின்றி அம்மா மௌனமாய் இருப்பார். சென்ற ஞாயிறு அழைத்தேன். "பிறகு எடு தம்பி, ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிட்டார்.