மருத்துவ மூலை: குளிசையில் வேறென்ன இருக்கிறது?



கந்தசஷ்டி விரதம் நெருங்கும்போது, "டொக்டர், இந்தக் குளிசையில் மாமிசம் ஏதும் கலந்திருக்கிறதா?" என்று சிலர் கேட்பதுண்டு. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், பால் கலந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே.

பல குளிசைகளில் நோய்க்கான மருந்து சிறிதளவே உண்டு. அதற்கு உருவம் கொடுக்க லக்ரோஸ் எனும் பாற்சீனி, மாப்பொருள், நிறமூட்டி முதலியன சேர்க்கிறார்கள். கப்சியூல் கூடுகள் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து எடுக்கப்படும் ஜெலற்றினால் ஆனவை. சீனியில்லாத பாணி மருந்துகள் சிலவற்றிலுள்ள சோர்பிற்றோல் வயிற்றோட்டத்தை உண்டாக்கலாம்.

இவற்றை அறிவது கடினமன்று. இங்கிலாந்தில் மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுப்பிரசுரத்தின் 6ஆம் பகுதியில் சேர்பொருட்கள் யாவும் தரப்பட்டிருக்கும். 2ஆம் பகுதியில் லக்ரோஸ் போன்றவை பற்றிய எச்சரிக்கை இருக்கும். ஆங்கிலம் சிரமமானால் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். ஒரே மருந்தை வேறு கொம்பனி செய்தால் சேர்பொருளும் மாறக்கூடும். ஆகவே பெட்டி மாறும்போதெல்லாம் மீண்டும் பாருங்கள்.

ஆனால், பார்த்தவுடன் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தைரொயிட் குளிசையில் லக்ரோஸ் இருப்பதைக் கண்ட ஓர் அம்மையார், யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் முகம் வீங்கி, குரல் தடித்து, நடக்கவும் இயலாத சோர்வுடன் வந்தார். ஒரு கோப்பைப் பாலில் ஏறக்குறைய 12 கிராம் லக்ரோஸ் உண்டு. பெரும்பாலான குளிசைகளில் அரைக் கிராமும் இராது. பாற்சீனி செமியாத பலருக்கும் இவ்வளவு சிறிய அளவு தொந்தரவு தருவதில்லை. அப்படித் தந்தாலும் லக்ரோஸ் இல்லாத தைரொயிட் குளிசைகள் கிடைக்கின்றன. அவர் கேட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்போம்.

பால் ஒவ்வாமை என்பது வேறு. அது பாலிலுள்ள புரதத்தால் வருவது. கடுமையானால் உயிராபத்தும் உண்டு. தூளாக உள்ளிழுக்கும் ஆஸ்துமா மருந்துகள் சிலவற்றின் லக்ரோஸில் அப்புரதம் சிறிது கலந்திருக்கலாம். அத்தகையோர் வைத்தியரிடமும் மருந்தாளரிடமும் தவறாமற் சொல்லவேண்டும்.

ஜெலற்றின் வேண்டாதவர்கள் அதே மருந்து குளிசையாகவோ, பாணியாகவோ, தாவரக் கூட்டிலோ உண்டா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். கப்சியூலை நீங்களாகவே உடைத்துக் குடிக்கவேண்டாம்; மெல்ல மெல்லக் கரையவேண்டிய மருந்து ஒரேயடியாக உடலிற் சேர்ந்துவிடும். மாற்று மருந்து கைக்கு வரும்வரை பழைய மருந்தைத் தொடர்வதா என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.