ஃபுத்தென்மா: வேலிக்குள் அகப்பட்ட ஊர்

நகரமொன்றின் நடுவே இராணுவ ஹெலிகொப்டர்த் தளம் இருக்குமாயின் பிழை யாருடையது? ஒகினாவாத் தீவின் கினோவான் நகரையிட்டு இவ்வினா எழும்போதெல்லாம் ஆயத்தமான விடையொன்று தரப்படுகின்றது: தளமே முன்னர் இருந்தது, மக்கள் பின்னர் வந்து அதனைச் சூழக் குடியேறினர் என்பதே அது. வரலாற்றைத் தலைகீழாக நிறுத்தும் கூற்று இது.

ஃபுத்தென்மாத் தளம் வெறும் தரையில் எழுந்ததன்று. 1945 இற்கு முன்னர் அவ்விடத்தில் கினோவான் கிராம அலுவலகமும் பாடசாலையும் வீடுகளும் தோட்டங்களும் இருந்தன. பைன் மரங்கள் நிழல்செய்த சாலையொன்றும் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் ஒகினாவாவின் பெருந்தீவில் தரையிறங்கின. யப்பானின் ஏனைய தீவுகளைத் தாக்கும் நோக்குடன் இங்கு ஓடுபாதை அமைக்கப்பட்டது. முகாம்களிலிருந்து மீண்ட மக்கள் தம் ஊரைக் காணவில்லை, வேலியையே கண்டனர். வேலிக்கு வெளியே எஞ்சிய நிலத்தில் அவர்கள் வீடு கட்டினர். சொந்த மண்ணின் ஓரத்தில் ஒதுங்கியவர்களையா வந்தேறியோர் என்பது?

1960 இல் இத்தளம் அமெரிக்க மரீன் படையின் கைக்கு மாறியது. 1969 இல் வியட்னாமிலிருந்து அகற்றப்பட்ட ஹெலிகொப்டர்ப் படைப்பிரிவொன்று இங்கு நிலைகொண்டது. ஒகினாவாவில் தங்கியுள்ள மரீன் படையினரையும் அவர்தம் தளபாடங்களையும் ஏற்றிச் செல்வதே இதன் தலையாய பணி. 1972 இல் ஒகினாவா யப்பானிடம் மீண்டது, ஃபுத்தென்மா மீளவில்லை. நகரின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு இன்றும் வேலிக்குள்ளேயே கிடக்கின்றது.

இதன் விளைவைப் பல்கலைக்கழகமொன்றே அனுபவித்தது. 2004 ஓகஸ்ட் 13 ஆம் நாள், தளத்தை அடுத்துள்ள ஒகினாவா சர்வதேசப் பல்கலைக்கழக வளாகத்தில் பெரிய போக்குவரத்து ஹெலிகொப்டரொன்று வீழ்ந்து தீப்பற்றியது. வால்சுழலியில் சிறு ஊசியொன்று பொருத்தப்படாமையே காரணம். விடுமுறைக் காலமாதலால் மாணவர் உயிர் தப்பினர். விபத்தினும் பின்னர் நிகழ்ந்ததே மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்கப் படையினர் விபத்திடத்தை மூடினர். யப்பானியப் பொலிசாரும் பல்கலைக்கழகத்தாரும் தடுக்கப்பட்டனர். தம் வளாகத்தினுள் தாமே நுழையவியலாத நிலையில் இறைமை என்ற சொல்லுக்குப் பொருள் யாது? 2017 டிசம்பரில் ஆரம்பப் பாடசாலையொன்றின் விளையாட்டு மைதானத்தில் ஹெலிகொப்டர் சாளரமொன்று வீழ்ந்தபோது அங்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் இருந்தனர்.

நாட்டின் பாதுகாப்புக்காகச் சிலர் இன்னலைப் பொறுக்கத்தான் வேண்டும் என்பர். அவ்வாறாயின் அச்சிலர் எப்போதும் ஒகினாவா மக்களாகவே இருப்பதேன்? யப்பானின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 0.6 பங்கே ஒகினாவாவுக்குரியது. எனினும் அந்நாட்டில் அமெரிக்கப் படைகள் தமக்கென மட்டும் கொண்டுள்ள தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 பங்கு அங்குள்ளது. நன்மை யாவர்க்கும் பொதுவெனின் சுமையும் பொதுவாதல் வேண்டும்.

தளத்தை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் மீளளிப்பதாக 1996 இல் இரு அரசுகளும் உடன்பட்டன. ஆனால் மாற்றுத்தளம் ஒன்று அமைதல் வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. அதற்கெனத் தெரிவாகிய ஹெனோகோவும் ஒகினாவாவின் கரையோரமே. 2019 வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் கடலை நிரப்பும் வேலையை எதிர்த்தனர், வேலை நிற்கவில்லை. கடலடி நிலம் மென்மையானதெனக் கண்டு வரைந்த திருத்தத்துக்கு ஆளுநர் இசைய மறுத்தார். 2023 டிசம்பரில் மத்திய அரசு அவருக்குப் பதிலாகத் தானே அனுமதி வழங்கியது.

பறித்த பொருளை மீளக் கொடுப்பதற்கு அவ்வீட்டிலேயே இன்னொரு பொருளை விலையாகக் கேட்பது நீதியன்று. ஃபுத்தென்மா நிபந்தனையின்றி மூடப்படல் வேண்டும். ஊர் தளத்தைத் தேடி வரவில்லை. தளமே ஊரின்மேல் வந்து வீழ்ந்தது. எனவே விலகிச் செல்லவேண்டியது எதுவென்பதில் ஐயத்துக்கு இடமில்லை.