கடலின் கட்டை உடைப்போர்

வன்னி மண்ணிற் பிறந்தவர்க்குக் குளக்கட்டின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டை வெட்டியவனை ஊரும் மன்னியாது, சட்டமும் மன்னியாது. ஆனால், இதே வன்னியின் கரைக்கப்பால் நீருக்கடியிற் கிடக்கும் கட்டொன்று பகிரங்கமாக உடைக்கப்படுகின்றது. கேட்பார் யார்?

முருகைக்கற் பாறைகளையே குறிப்பிடுகின்றோம். அவை வெறுங் கற்களல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து தலைமுறை தலைமுறையாக எழுப்பிய கோட்டைகள். திரண்ட பாறையினம் ஓர் அங்குலம் வளர ஈராண்டு, மூவாண்டு செல்லும். உலகக் கடற்றரையில் நூற்றிலொரு பங்குகூட இல்லாத இப்பாறைகள், கடல்வாழ் இனங்களுள் ஏறக்குறையக் காற்பங்கிற்குப் புகலிடமாகின்றன. மீனுக்கு அதுவே நாற்றுமேடை. கரைக்கு அதுவே அணை. சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழப்பட்ட தென்னிலங்கைப் பெரலியவில், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை விளைத்த நாசத்தை உலகறியும். மன்னார் வளைகுடாவின் அக்கரையிலுள்ள 21 தீவுகளுள் இரண்டு மூழ்கியதற்கும் கல்லகழ்ந்ததே காரணமென்பர்.

இன்று மண்வெட்டியின் இடத்தை இழுவைமடி பிடித்துள்ளது. கனத்த பலகைகள் பூட்டிய மடி, பாறையில் முட்டிய இடத்தில் அதை நொறுக்குகின்றது. முட்டாத இடத்திற் சேற்றைக் கலக்குகின்றது. சேறு படிந்த பாறை ஒளியின்றி மடியும். சிலாவத்துறை, வங்காலை முதல் நாச்சிக்குடா, இரணைதீவு வரை இதே கதை. கிழக்கே முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் சட்டவிரோதத் தொழில்முறைகளுக்கு எதிராக 2018இல் வீதியில் இறங்கினர்.

சட்டம் இல்லையா? இருக்கின்றது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டம் வெடிவைத்து மீன்பிடிப்பதைத் தடுக்கின்றது. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தம் இழுவைமடியை அடியோடு தடைசெய்தது. இழுவைமடிக்கு முடிவுகாண இரு அரசாங்கங்களும் 2016 நவம்பரிற் புதுடில்லியில் இணங்கின. 2000 இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்ற இந்தியா திட்டம் வகுத்தது. மாறியதோ அதிற் சிறு பங்கே. சட்டம் ஏட்டில் உறங்குகின்றது. மடி கடலில் உழுகின்றது!

தமிழகத்துச் சகோதரர் மீது பகைமை பாராட்டுவதா என்று சிலர் வினவலாம். கூலிக்குப் படகேறும் ஏழைத் தொழிலாளி எமக்குப் பகைவனல்லன். அவன்மீது துப்பாக்கி நீள்வதை நாம் ஒருபோதும் ஏற்கோம். ஆயின், உடன்பிறந்தான் என்பதற்காக விதைநெல்லை அள்ளிச் செல்ல விடுவார் உளரோ? எம்மவருள் இழுவைமடி போடுவோரும் வெடிவைப்போரும் அதே குற்றவாளிகளே. நீதிக்கு இரு தராசு இல்லை.

கடலே சூடேறுகையில் மடியை நிறுத்தி என்ன பயன் என்பாரும் உளர். 1998இலும் 2016இலும் இலங்கையின் முருகைக்கற்கள் வெப்பத்தால் வெளுத்து மடிந்தது மெய். உலகளாவிய நான்காவது வெளுப்பு 2024இல் அறிவிக்கப்பட்டதும் மெய். காய்ச்சலிற் கிடப்பவனைத் தடிகொண்டு அடிக்க அது நியாயமாகுமா? உடைபடாத, சேறு மூடாத பாறையே வெப்பந் தணிந்தபின் மீண்டெழ வல்லது. உலகச் சூட்டைத் தணிப்பது எம் கையில் மட்டுமில்லை; மடியை நிறுத்துவது இரு அரசாங்கங்களின் கையில் இருக்கின்றது.

ஆகவே, நாம் கேட்பவை நான்கு. 2017ஆம் ஆண்டுத் தடை, படகு எவருடையதாயினும், தவறாது அமுல் செய்யப்படவேண்டும். வழக்கு கூலியாளோடு நில்லாது உரிமையாளரையும் எட்டவேண்டும். வடகடலின் பாறைகள் அளவிடப்பட்டு, கடற்றொழிலாளர் சங்கங்களின் பங்கோடு காக்கப்படவேண்டும். இழுவைமடி ஒழியும் நாளைக் கொழும்பும் டில்லியும் தேதியிட்டு அறிவிக்கவேண்டும்.

கற்றோர் மனு எழுதட்டும், நியாயவாதிகள் மன்றேறட்டும். கமக்காரரும் கரையோர மக்களோடு தோள்சேரட்டும். காடழித்த நிலத்தின் மண்ணும் மழையோடு கடலுக்கே செல்கின்றது. அதைத் தடுக்கும் பொறுப்பு எமதே. கடற்றொழிலாளி தனித்துக் கேட்டால் அது முறைப்பாடு. வன்னி முழுவதும் ஒன்றாகக் கேட்டால் அது கட்டளை.