பெயருக்குக் கொடுக்கும் விலை

நல்ல ஆய்விதழ் நடத்தப் பெரும் செலவாகும், அந்தச் செலவை யாராவது சுமந்தே ஆகவேண்டும் என்பது நம் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் முதல் முனைவர்பட்ட மாணவர் வரை ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒன்று. வாசகரால் முடியாவிட்டால் எழுதியவர் கட்டட்டும், அவராலும் முடியாவிட்டால் அரசு கட்டட்டும் என்று, யார் கட்டுவது என்பதில்தான் வாதம் நடக்கிறதே தவிர, அந்தத் தொகை எதற்கு என்ற கேள்வி எழுவதே இல்லை. இந்த நம்பிக்கையை ஒட்டி இன்னொன்றும் வளர்ந்திருக்கிறது: கட்டணம் கூடிய இதழ் தரமானது, காசு வாங்காத இதழைச் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். இரண்டுமே தவறு என்பது என் வாதம். ஆய்விதழ்களுக்கு உலகம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி எந்த உழைப்புக்கும் போய்ச் சேருவதில்லை. இதழின் பெயருக்குப் போகிறது. இதை ஒப்புக்கொள்ளாதவரை, கட்டுகிறவர் யாராக மாறினாலும் பில் குறையப்போவதில்லை.

ஒரு கட்டுரை அச்சேறும் வழியைப் பார்ப்போம். ஆய்வுக்கான பணம் பெரும்பாலும் அரசுடையது, அதாவது வரி கட்டுகிறவர்களுடையது. கட்டுரையை எழுதுகிறவருக்கு இதழ் ஒரு பைசா கொடுப்பதில்லை. இதழ் கேட்கும் வடிவத்தில், மேற்கோள் பட்டியலின் காற்புள்ளி வரை திருத்தி, படங்களை வரைந்து, இணையதளத்தில் ஏற்றுவதும் அவரே. அதைப் படித்து மேலே அனுப்பலாமா என்று முடிவெடுக்கும் பதிப்பாசிரியர், பெரும்பாலான இதழ்களில், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கும் பேராசிரியர். இதழ் அவருக்குக் கொடுப்பது மிஞ்சிப்போனால் ஒரு சிறு மதிப்பூதியம். அவர் இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களைத் தேடிப் பிடிக்கிறார். அவர்களுக்கும் ஊதியம் இல்லை. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் மதிப்பீட்டாளர்கள் இந்த வேலைக்குக் கொடுத்த நேரம் 10 கோடி மணிக்கும் அதிகம் என்று அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கட்டுரை ஏற்கப்பட்டதும், சந்தா இதழாக இருந்தால், எழுதியவர் பதிப்புரிமையையும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். இதற்குப் பிறகுதான் பதிப்பகம் தன் பெட்டியைத் திறக்கவேண்டிய வேலைகள் வருகின்றன: மொழி திருத்துவது, பக்கம் அமைப்பது, எக்ஸ்எம்எல் குறியிடுவது, ப்ரூஃப் அனுப்புவது, டிஓஐ எண் பதிவது, சர்வரில் ஏற்றிக் காப்பது. இந்த வேலைகளில் கணிசமான பங்கு எங்கே நடக்கிறது என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியவேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் பல ஆண்டுகளாக இயங்கும் நிறுவனங்களில் நம் பிள்ளைகள் ஷிஃப்ட் முறையில் உட்கார்ந்து ஐரோப்பிய, அமெரிக்க இதழ்களுக்குப் பக்கம் கட்டுகிறார்கள். அங்கே கட்டப்பட்ட பக்கத்தை அதே சென்னையில் இருக்கும் ஒரு கல்லூரி ஆசிரியர் படிக்க நினைத்தால், முப்பது நாற்பது டாலர் கட்டச் சொல்லும் திரையின் முன் நிற்கிறார்.

அந்த வேலைகளுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்? சந்தையில் நிலவும் கட்டணங்களை ஒவ்வொரு படியாகக் கூட்டிப் பார்த்து அலெக்சாண்டர் கிராஸ்மன், பியோர்ன் பிரெம்ஸ் இருவரும் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு கட்டுரைக்கு 200 டாலருக்குக் கீழிருந்து சுமார் 1,000 டாலர் வரை. சாதாரணமான ஓர் இதழுக்கு 400 டாலர். அதே 2021இல் நேச்சர் இதழ், கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் (ஓப்பன் ஆக்சஸ்), அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட எழுதியவரிடம் கேட்கத் தொடங்கிய தொகை 9,500 யூரோ, எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்ஸ்வியரின் தாய் நிறுவனம் ரெலெக்ஸ், 2023இல் தன் அறிவியல், மருத்துவப் பதிப்புப் பிரிவில் ஈட்டிய லாப விகிதம் ஏறத்தாழ 38 சதவீதம். இது யாரும் ரகசியமாகக் கண்டுபிடித்த எண் இல்லை; பங்குதாரர்களுக்காக அந்த நிறுவனமே அச்சிட்டுத் தரும் ஆண்டறிக்கையில் இருப்பது. மூலப்பொருளை இலவசமாகப் பெற்று, தரப் பரிசோதனையையும் இலவசமாகப் பெற்று, உற்பத்தி செய்தவர்களின் நிறுவனத்துக்கே விற்கும் தொழிலில் இந்த லாபம் வருவதில் வியப்பில்லை. இதைச் செலவு என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் வியப்பு.

பெரும் செலவில்லாமல் நடத்த முடியும் என்பதற்குச் சான்று தேடி அலையவும் வேண்டாம். 2001இல் க்ளூவர் பதிப்பகத்தின் ‘மெஷின் லேர்னிங்’ இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து நாற்பது பேர் பகிரங்கக் கடிதம் எழுதி விலகினார்கள். அவர்கள் ஆதரித்த ‘ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச்’ எழுதுகிறவரிடமும் வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. அதன் நடைமுறைச் செலவு கட்டுரைக்குப் பத்து டாலருக்கும் கீழே என்று ஹார்வர்டு பேராசிரியர் ஸ்டூவர்ட் ஷீபர் 2012இல் கணக்குக் காட்டினார். இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுகிற எவரும் மதிக்கும் இதழ் அது. கணிதத்தில் டிமதி கவர்ஸ் 2016இல் தொடங்கிய ‘டிஸ்க்ரீட் அனாலிசிஸ்’, ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகளையே மதிப்பீடு செய்து ஏற்றுக்கொள்ளும் இதழ். அதற்கும் இரு பக்கமும் கட்டணம் இல்லை. நமக்கு இன்னும் அருகில் ஒன்று உண்டு. கே. ராமச்சந்திராவும், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியனும் 1978இல் தொடங்கிய ‘ஹார்டி–ராமானுஜன் ஜர்னல்’ எண்கோட்பாட்டுக்காரர்கள் அறிந்த இதழ். ராமானுஜன் பிறந்த நாளை ஒட்டி வெளிவருவது. இன்று பிரான்சின் பொதுநிதியில் இயங்கும் எபிசயன்சஸ் தளத்தில் இருக்கிறது. எழுதக் காசில்லை, படிக்கக் காசில்லை.

பெரிய இதழ்கள் பத்துக் கட்டுரை வந்தால் ஒன்பதுக்கு மேல் திருப்பி அனுப்புகின்றன, அந்தச் சலித்தெடுக்கும் வேலைக்கு முழுநேர ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றன, அதற்குத்தான் இந்த விலை என்று பதிப்பகங்கள் சொல்லும். நேச்சர் போன்ற சில இதழ்களில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் இருப்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன கணக்கில் 1,000 டாலர் என்ற மேல்வரம்பே, வந்தவற்றில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும் இதழுக்கானது. மீதித் தொகைக்கு என்ன கிடைக்கிறது? நம்பகம் என்றால், அதற்கு உத்தரவாதம் இல்லை. தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் வந்தது பெயர் பெற்ற மருத்துவ இதழான லான்செட்டில். அது முழுதாகத் திரும்பப் பெறப்பட 2010 ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் பயந்து தடுப்பூசியைத் தவிர்த்தார்கள் என்பதை மருத்துவ உலகம் மறக்கவில்லை. 2020 மே மாதம் கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தருவது பற்றி அதே லான்செட்டில் வந்த கட்டுரையை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையின் ஒரு பகுதியையே நிறுத்திவைத்தது. அடிப்படைத் தரவைச் சரிபார்க்க யாராலும் முடியாதபடி இருந்ததால் இரண்டே வாரத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தவறைக் கண்டவர்கள் வெளியே இருந்து, சம்பளமில்லாமல், அட்டவணைகளை வரிவரியாகப் பார்த்த ஆய்வாளர்கள். லான்செட் மோசமான இதழ் என்று இதற்குப் பொருளில்லை. பெயர் பிழையைத் தடுக்காது என்பதுதான் பொருள்.

பெயருக்கு இவ்வளவு விலை எப்படி வந்தது என்றால், ஆய்விதழ் மற்றச் சரக்குகளைப் போன்றதில்லை. ஒரு கட்டுரை ஓர் இதழில் மட்டுமே கிடைக்கும். நூலகர் விலை கூடிவிட்டதென்று அதை விட்டு வேறொன்றை வாங்கினால், ஆய்வாளருக்கு வேண்டிய கட்டுரை அதில் இருக்காது. போட்டியே எழ முடியாத இந்த நிலையை இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரியாகப் புரிந்துகொண்டவர் ராபர்ட் மேக்ஸ்வெல். 1951இலிருந்து பெர்கமான் பதிப்பகத்தை நூற்றுக்கணக்கான இதழ்களாகப் பெருக்கி, 1991இல் எல்ஸ்வியருக்கு 44 கோடி பவுண்டுக்கு விற்றார். பால் கின்ஸ்பார்க் ஆர்க்கைவைத் தொடங்கி இயற்பியல் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கச் செய்ததும் அதே 1991இல்தான். சந்தா விலை ஏறிக்கொண்டே போய், 2012இல் ஹார்வர்டு நூலகமே இனி தாங்காது என்று தன் ஆசிரியர்களுக்கு எழுதியது. ஹார்வர்டால் முடியாதது லைபீரியாவால் எப்படி முடியும்? எபோலா அந்நாட்டைச் சூறையாடிய பிறகு, 2015இல் அதன் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் உள்ளிட்ட மூவர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்கள். லைபீரியாவிலும் எபோலா வரக்கூடும் என்று எச்சரித்த கட்டுரை 1982லேயே ஓர் ஐரோப்பிய இதழில் வந்திருக்கிறது. அதைத் தரவிறக்க 45 டாலர். அங்குள்ள ஒரு மருத்துவரின் ஏறத்தாழ அரை வாரச் சம்பளம். அது மட்டுமே பேரழிவுக்குக் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கே எட்டவில்லை என்பது போதும்.

அப்படியானால் எழுதியவரே கட்டி எல்லோருக்கும் திறந்துவிடலாமே என்பார்கள். 2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கையில் திறந்த அணுக்கத்துக்குக் குரல் கொடுத்தவர்கள் விரும்பியது அறிவு எல்லோருக்கும் எட்டவேண்டும் என்பதை. பதிப்பகங்கள் அதை வேறொரு கல்லாவாக மாற்றின. 2019 முதல் 2023 வரை ஆறு பெரிய பதிப்பகங்களுக்கு எழுதியவர் தரப்பிலிருந்து போன கட்டணம் 800 கோடி டாலருக்கு மேல் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. இங்கும் விலை பெயருக்குத்தான் என்பதை 2023இல் ‘நியூரோஇமேஜ்’ இதழில் நடந்தது அப்பட்டமாகக் காட்டியது. கட்டுரைக்கு 3,450 டாலர் அதிகம், குறையுங்கள் என்று ஆசிரியர் குழு கேட்டது. எல்ஸ்வியர் மறுத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாக விலகி, எம்ஐடி பதிப்பகத்தில் பாதிக்கும் குறைவான கட்டணத்தில் ‘இமேஜிங் நியூரோசயன்ஸ்’ தொடங்கினார்கள். உழைத்தவர்கள் எல்லோரும் போனபின்னும் பழைய பெயர் பழைய உரிமையாளரிடம் இருந்தது. எண்ணிக்கைக்குப் பணம் என்றானால் என்ன ஆகும் என்பதற்கு ஹிந்தாவி சாட்சி. வைலி நிறுவனம் 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் கொடுத்து வாங்கிய அந்தப் பதிப்பகத்தின் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள், போலிக் கட்டுரைத் தொழிற்சாலைகளின் கைவரிசையால், 2023இல் மட்டும் திரும்பப் பெறப்பட்டன. வைலி அந்தப் பெயரையே கைவிட்டது. நம் ஊரில் மூவாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரே வாரத்தில் கட்டுரை போட்டுத் தரும் இதழ்களைக் காட்டி ‘ஓப்பன் ஆக்சஸ் என்றாலே இப்படித்தான்’ என்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். குப்பையைப் பெருக்கியது திறந்து வைத்ததல்ல, எழுதியவரிடம் காசு வாங்கியதும், கட்டுரை எண்ணிக்கைக்குப் பதவி உயர்வு கொடுத்ததும்தான். திறந்த அணுக்க இதழ்களின் டிஓஏஜே பட்டியலில் உள்ள 20,000க்கும் மேற்பட்ட இதழ்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எழுதியவரிடம் எதுவும் வாங்குவதில்லை.

அரசு கட்டுவது மூன்றாவது வழி. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள், 1.8 கோடிப் பேர். ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி மாணவி ஐஐடி மாணவரைப் போலவே இதழ்களைத் திறந்து படிக்க முடிவது நல்ல விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இது வாடகை. கட்டாத மாதம் கதவு சாத்தப்படும். தனியார் மருத்துவமனை மருத்துவரும், பள்ளி ஆசிரியரும், சிறு தொழில்முனைவோரும், பத்திரிகையாளரும் இப்போதும் வெளியேதான். சென்னையில் இருந்துகொண்டு பல்லாண்டுகளாகத் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாச்சலம் வலியுறுத்தி வந்தது வேறு: பொதுப்பணத்தில் நடந்த ஆய்வை அந்தந்த நிறுவனமே தன் களஞ்சியத்தில் எல்லோருக்கும் வைக்கவேண்டும். பிரேசில் 1990களின் இறுதியிலேயே பொதுநிதியில் சியலோ தளத்தை எழுப்பி, லத்தீன் அமெரிக்க இதழ்களை நூற்றுக்கணக்கில் உலகுக்குத் திறந்துவைத்தது. நம்மிடமும் அந்த மரபு உண்டு. இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களை அகாதமியின் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இளம் ஆய்வாளர்களுடையது. பெயர் பெற்ற இதழில் வராவிட்டால் எனக்கு வேலை கிடைக்காது, கொள்கை பேச எனக்கு வசதி இல்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. அவர்களைத் தியாகம் செய்யச் சொல்வது அநியாயம். பழுது தேர்வுக்குழுவில் இருக்கிறது. விண்ணப்பத்தில் இதழின் பெயரையும் தாக்கக் குறியீட்டையும் (இம்பாக்ட் ஃபேக்டர்) பார்த்து மதிப்பெண் போட்டு, கட்டுரையைத் திறந்தே பார்க்காமல் எழுந்துபோகும் ஒவ்வொரு குழுவும் அந்த 38 சதவீத லாபத்துக்குக் காவல் நிற்கிறது. நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்தால் எல்லாவற்றையும் எப்படிப் படிப்பது என்று கேட்கலாம். எல்லாவற்றையும் வேண்டாம். ஒருவரின் மூன்று நல்ல கட்டுரைகளை அவரையே தரச் சொல்லி, இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுடையதைப் படித்தால் போதும். நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. மதிப்பீட்டு உழைப்பை எந்த இதழுக்குக் கொடுப்பது என்பதை அவர்கள் நாளையே மாற்றிக்கொள்ளலாம்.

பணமும் இருக்கிறது. 6,000 கோடியில் இருபதில் ஒரு பங்கு 300 கோடி, ஆண்டுக்கு 100 கோடி. இரு பக்கமும் கட்டணம் வாங்காத இதழ்களைப் பற்றி 2021இல் ஐரோப்பாவில் வெளியான பெரிய ஆய்வின்படி, அவற்றில் பெரும்பாலானவற்றின் ஆண்டுச் செலவு 10,000 யூரோவுக்குக் கீழே. இதழ் ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று வைத்தாலும், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலுமாக ஆயிரம் இதழ்களை நடத்தலாம். இப்போதைய ஒப்புதல் 2027 டிசம்பருடன் முடிகிறது. அடுத்த சந்தாவுக்குப் பேரம் பேச உட்காரும் முன், அந்த ஆயிரம் இதழ்களுக்கான 300 கோடியை அரசு தனியாக எடுத்துவைக்க வேண்டும். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்கள் அதை இப்போதே கேட்கவேண்டும்.