சாய்தளம் கட்டியாச்சு... அப்புறம்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகள். உத்திரமேரூர் பக்கம் ஏரி, வயல், கிராமத்து அரசுப் பள்ளிகள். அங்கிருந்து இங்கே சிஎஸ்ஆர் பணம் வந்தால் நல்லதுதானே? நல்லதுதான். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதை அரசுப் பள்ளிகள் பக்கம் திருப்பத்தான் 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி’ திட்டம் வந்தது.

சிக்கல், அந்தப் பணம் எதில் போய் நிற்கிறது என்பதில் இருக்கிறது. பெயின்ட், பெஞ்ச், ஸ்மார்ட் போர்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு என்றால் ஒரு சாய்தளம், ஒரு குரூப் போட்டோ. சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மூணு அடியில் செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலி ஏறாது, டீச்சரின் ஸ்கூட்டர்தான் ஏறும்.

சரி, சாய்தளம் ஒழுங்காகவே இருக்கட்டும். வகுப்புக்குள் போன பிறகு? போர்டைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் பேசினால், காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு உதட்டசைவுகூடத் தெரியாது. இதையெல்லாம் சொல்லித்தர வேண்டிய சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்திலிருந்து, தொகுப்பூதியத்தில், பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்கள். தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என 2021-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணியிடங்களை முறையாக அறிவிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது.

வெளி அமைப்புகள் நுழைய வேண்டிய இடம் இதுதான். ஆனா அவர்களே வந்து பாடம் நடத்திவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை. புராஜெக்ட் முடிஞ்சா ஆளும் போயிடுவாங்க. ஆசிரியருக்கும் அம்மாவுக்கும் அந்தக் கைப்பழக்கம் வரணும். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு தேடி அனுப்புகிறார்கள். குழந்தையை எப்படி உட்கார வைப்பது, எப்படிப் பேசப் பழக்குவது என்று பெற்றோர் அவர்களிடம் கற்றுக்கொள்கிறார்கள். குழந்தையின் முன்னேற்றம் ஒரு மொபைல் செயலியில் பதிவாகிறது.

உத்திரமேரூரில் இதைத் தொடங்க புதிதாக எந்த அமைப்பும் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். 2012 திருத்தத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்க்கப்பட்டதால், அவர்களின் பெற்றோருக்கும் குழுவில் உரிய பங்கு உண்டு. குடவோலைக் கல்வெட்டுக்குப் பேர்போன ஊருக்கு இது புதுசில்லை. (அந்தக் கல்வெட்டுப்படி நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்தான் உறுப்பினர் ஆகலாம் என்பது வேற கதை.)

நிறுவனங்கள் தலைமை ஆசிரியர் அறையோடு திரும்பிவிடாமல் இந்தக் குழுவில் உட்கார்ந்து கேட்டால், தேவைப் பட்டியலே மாறும். பேர் வருகைப் பதிவேட்டில், பிள்ளை வீட்டில் என்றிருக்கும் ஓர் அம்மா, “எங்க ஊருக்கு பஸ் கிடையாது, ஆட்டோவுக்கு வழி பண்ணுங்க” எனலாம். கழிப்பறையில் பிடித்து எழ ஒரு கம்பி வேணும் என்று இன்னொருவர் கேட்கலாம். ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்குகிற காசில் அந்தக் கம்பியைப் பல பள்ளிகளில் பொருத்திவிடலாம்.